ஜாமீன் கட்டம்: வங்கியிலிருந்து வந்த அறங்காவலர் ஒருவரின் பணியும் செல்வாக்கும்

இப்பதிவு எதைப் பற்றியது

பினாங்கில் தனியார் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றை நடத்திவரும் கல்வி அறவாரியத்தில் நான் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். வங்கித் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வுபெற்ற ஒருவர் 2013 முதல் 2022 வரை அங்கே அறங்காவலராகப் பணியாற்றினார். அவர் எடுத்த முடிவுகளையும், அவற்றை நாங்கள் ஏற்றுக்கொண்ட விதத்தையும், அதனால் சில மாணவர்களுக்கு நேர்ந்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அவரும் வேறு இரண்டு அறங்காவலர்களும் இதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே இது வெளிவருகிறது. யாருடைய பெயரும் இடம்பெறவில்லை; ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

லெபோ பந்தாயில் உள்ள வங்கி ஒன்றில் 1974ஆம் ஆண்டு எழுத்தராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 19. சார்ட்டர்ட் வங்கி 1875இல் பினாங்கில் கிளை திறந்த காலந்தொட்டு வங்கிகள் வரிசையாக வந்தமைந்த தெரு அது. அதற்கு இணையாக ஓடும் லெபோ பினாங்கில்தான் கிட்டங்கிகள் எனப்பட்ட நகரத்தாரின் வட்டிக்கடைகள் இருந்தன. அவருடைய தந்தை அவற்றுள் ஒன்றில் கணக்கெழுதியவர். ஆளை அறிந்து கடன் கொடுக்கும் பழக்கத்தைத் தந்தையிடமும், தாளைப் பார்த்துக் கடன் கொடுக்கும் பழக்கத்தை வங்கியிலும் கற்றதாக அவர் சொல்வதுண்டு.

பகலில் வேலை, இரவில் வங்கியாளர் தேர்வுக்கான படிப்பு என்று பத்தாண்டுகள் கழித்து, கோலாலம்பூரில் கடன் பிரிவு அதிகாரியானார். 1985இல் ஈயச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து வந்த மந்தநிலையை அங்கிருந்தபடி பார்த்தார். ஆயினும் அவரை உருவாக்கிய காலம் 1997, 1998 என்றே நான் நினைக்கிறேன். டாலருக்கு 3.80 என ரிங்கிட்டை அரசாங்கம் நிலைநிறுத்திய அந்த நெருக்கடியில், வாராக்கடன்களை மீட்கும் பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெருங்கடன்கள், வாராக்கடன்களை வாங்க அரசாங்கம் அமைத்த டானாஹார்த்தா நிறுவனத்துக்குப் போயின. சிறு கடன்கள் அவருடைய மேசையிலேயே தங்கின. நண்பனின் லாரிக்கும் மைத்துனனின் கடைக்கும் கையெழுத்திட்டுவிட்டு, கடனாளி தலைமறைவான பிறகு வங்கியின் படியேறி வந்தவர்களை அவர் நாள்தோறும் சந்தித்தார். 2010இல், 55ஆம் வயதில், வட்டாரப் பொது நிருவாகியாக ஓய்வுபெற்று ஊர் திரும்பினார்.

அறவாரியத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். துறைமுகத் தொழிலாளர்கள், வணிகர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆகியோர் சேர்த்த நன்கொடையில் தொடங்கியது அது. நாங்கள் அறங்காவலர் என்று அழைத்தாலும், அறவாரியம் கம்பெனியாகப் பதிவு பெற்றிருந்ததால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் இயக்குநர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு. எழுவர் இருந்தனர். நிதியைப் புரிந்தவர் என்று சொல்ல, 2013 வரை ஒருவர்கூட இல்லை.

முதலாண்டில் கண்டதும் செய்ததும்

முதல் கூட்டத்துக்கு அவர் ஒரு மர அளவுகோலுடன் வந்தார். கணக்கறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் கீழே அதை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே படித்தார். அன்று அவர் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை. நன்கொடையாளர்கள் மூலதனமாகக் கொடுத்த பணமும் அன்றாடச் செலவுப் பணமும் ஏன் ஒரே கணக்கில் இருக்கின்றன? காசோலையில் இரண்டாவது கையெழுத்து ஏன் முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது? வைப்புத்தொகை முழுவதும் ஏன் ஒரே வங்கியில், கேட்பாரின்றித் தானாகப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது?

ஓராண்டுக்குள் இவை மூன்றும் சரிசெய்யப்பட்டன. வைப்புத்தொகையைப் பல வங்கிகளுக்குப் பிரித்தோம். மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரைதான் பாதுகாப்பு அளிக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் அறங்காவலர்களில் பெரும்பாலோர் அறிந்தனர். தாம் பணியாற்றிய வங்கியின் பெயர் பட்டியலில் வந்தபோது, தமக்கு அங்கே ஓய்வூதியமும் பங்குகளும் இருப்பதைக் கூறிவிட்டு அறையை விட்டு வெளியேறினார். எங்கள் கூட்டங்களில் ஒருவர் அவ்வாறு எழுந்து போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

2014: இரண்டு பிணையாளர் விதி

அறவாரியம் ஏழை மாணவர்களுக்கு ஒரு தொடக்க நிதி வழங்கி வந்தது. அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கிடைத்தாலும், முதல் பணம் கைக்கு வருவதற்குள் பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், மடிக்கணினி என்று செலவுகள் வந்து நிற்கும். தோட்டப்புறத்திலிருந்தும் மலிவு அடுக்குமாடி வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் பலர் இந்தச் சில வாரங்களில்தான் இடறி விழுகிறார்கள். அதைத் தாண்டுவதற்காக ஒருவருக்கு 6,000 ரிங்கிட் வரை வட்டியில்லாமல் கொடுத்தோம். வேலை கிடைத்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சளவில் மட்டுமே இருந்தது, பலர் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதை அவர் கடுமையாக எடுத்துக்கொண்டார். திரும்பி வராத ஒவ்வொரு ரிங்கிட்டும் அடுத்த ஆண்டு வரப்போகும் பிள்ளையிடமிருந்து எடுத்தது என்றார். அந்த வாதம் சரியானது என்று இன்றும் நம்புகிறேன். அவர் முன்வைத்த ஏற்பாட்டில் முறையான ஒப்பந்தம், மாதத் தவணை, நிலையான வருமானமுள்ள இரண்டு பிணையாளர் என மூன்று பகுதிகள் இருந்தன. பிணையாளரின் சம்பளச் சீட்டும் அடையாள அட்டை நகலும் படிவத்துடன் இணைக்கப்பட வேண்டும். கடனைத் திருப்பிக் கட்ட வைப்பது சட்டமன்று, நமக்காகக் கையெழுத்துப் போட்டவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணமே என்பது அவருடைய முப்பத்தைந்து ஆண்டு அனுபவம்.

அறங்காவலர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர். அன்று அவர் மட்டும் வாய் திறந்தார். "ஐயா, நம்ம பிள்ளைங்க குடும்பத்துல சம்பளச் சீட்டு வெச்சிருக்கிறவங்க ரெண்டு பேரு எங்க இருப்பாங்க?" என்று கேட்டார். வங்கியாளர், உறவில் இல்லாவிட்டால் ஆசிரியரிடமோ ஆலயத் தலைவரிடமோ கேட்கலாமே என்று மரியாதையாகவே பதில் சொன்னார். தலைவர் வேறு எவரேனும் பேச விரும்புகிறார்களா என்று கேட்டார். எவரும் பேசவில்லை. கூட்டக்குறிப்பில் நான், "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதினேன். டீச்சரின் கேள்வியை எழுதவில்லை. அவர் எதிர்த்து வாக்களிக்கவில்லை என்பதும், கேள்விக்குத்தான் பதில் சொல்லியாகிவிட்டதே என்பதும் அப்போது எனக்குப் போதுமான காரணங்களாகத் தோன்றின.

செல்வாக்கு வளர்ந்த விதம்

2016இல் கல்லூரி நிருவாகம் வங்கிக் கடன் வாங்கிப் புதிய விடுதிக் கட்டடம் எழுப்ப விரும்பியது. மாணவர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள் என்று அவர் கேட்டார். நிருவாகத்திடம் பதில் இல்லாததால் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இதன் பிறகு, பணம் சம்பந்தப்பட்ட எதுவாயினும் அறங்காவலர்கள் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். "அண்ணன் பார்த்துட்டாரா?" என்பதே கூட்டத்துக்கு முன் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் முதல் கேள்வியாயிற்று. "பார்த்துவிட்டார்" என்று நான் சொன்னால், அனுப்பிய ஆவணங்களைப் பிரிக்காமலேயே சிலர் கூட்டத்துக்கு வந்தனர்.

இதை அவர் கேட்டு வாங்கவில்லை. தலைவர் பதவியை இருமுறை மறுத்தவர் அவர். ஆனால் ஆறு பேர் தங்கள் பொறுப்பை ஒருவர் மடியில் இறக்கி வைத்தார்கள். அவர் அதைச் சுமக்கக்கூடியவராக இருந்ததால் இறக்கி வைத்தது எவருக்கும் குற்றமாகப் படவில்லை.

பிணையாளர் விதியின் பலனும் நல்லதாகவே தெரிந்தது. கடன் வாங்கியவர்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டினர். ஆண்டறிக்கையில் அதைப் பெருமையோடு குறிப்பிட்டோம். விண்ணப்பங்கள் குறைந்துவந்ததற்கு, பொருளாதாரம் மேம்பட்டிருக்கலாம், மாணவர்கள் வேறு கல்லூரிகளை நாடியிருக்கலாம் என்று நாங்களே விளக்கம் தேடிக்கொண்டோம்.

2018: முழுமையற்ற படிவங்கள்

ஒவ்வொரு சேர்க்கையிலும் ஆவணம் குறைந்த விண்ணப்பங்களை என் அலுவலகத்தில் தனிக்கட்டாக ரப்பர் வளையம் போட்டு வைப்போம். அவை நிதிக் குழுவுக்குப் போவதில்லை. 2018 அக்டோபரில் கணக்காய்வாளருக்காக வேறொரு கோப்பைத் தேடி வந்த அவர், அலமாரியில் நான்கு ஆண்டுக் கட்டுகள் அடுக்கியிருப்பதைக் கண்டு, இவை என்ன என்று கேட்டார். சொன்னேன். அங்கேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

பெரும்பாலானவற்றில் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டு, பிணையாளர் பகுதி மட்டும் வெறுமையாக இருந்தது. நிபோங் திபாலைச் சேர்ந்த ஒரு மாணவியின் படிவத்தில் அந்தப் பகுதியை அவர் வெகுநேரம் பார்த்தார். முதல் கட்டத்தில் ஒரு பெயர் எழுதி, கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் கட்டத்தில் எழுதி, வெள்ளை மை பூசி, அதன்மேல் மீண்டும் எழுதி, அதையும் சுரண்டியதில் தாள் நைந்து மறுபக்கத்து எழுத்து தெரிந்தது. பின்னால் குண்டூசியில் ஒரு பயிற்சிப் புத்தகத் தாள். மாணவியின் தாய் எழுதியது: "ஐயா, என் அண்ணன் கையெழுத்துப் போட பயப்படுகிறார். முன்பு ஒருவருக்குப் போட்டு கெட்டுப் போனார். வேறு ஆள் எங்களுக்கு இல்லை. மகளுக்கு நல்ல மதிப்பெண் இருக்கிறது. மன்னிக்கவும்."

அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். "பிணையாளர் இல்லை" என்று பென்சிலால் மூலையில் குறித்தது என் கையெழுத்துதான்.

நிபோங் திபாலில்

அடுத்த வாரம் அவர் என்னை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குச் சென்றார். மாணவி அங்கே இல்லை; பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. தாயும் தாய்மாமனும் இருந்தனர். மாமனுக்கு ஐம்பது வயதிருக்கும், லாரி ஓட்டுநர். வந்திருப்பவர் வங்கிக்காரர் என்றதும் உள்ளே வராமல் வாசல் தூணருகிலேயே நின்றார்.

வங்கியாளர் பேச்சை மெதுவாகத்தான் தொடங்கினார். மாமன் சொன்னது சுருக்கமானது. "கூட்டாளிக்கு லாரி எடுக்க ஜாமீன் போட்டேன், ஐயா. தொண்ணூத்தெட்டுல அவன் ஓடிட்டான். என்னைத் திவாலாக்கிட்டாங்க. நாட்டை விட்டுப் போக முடியல, பேங்குல கணக்கு வெக்க முடியல. தங்கச்சி மக படிக்கணும்னு எனக்கு ஆசை இல்லாமலா? பேனாவை எடுத்தா கை வரல."

வண்டியில் திரும்பும்போது நீண்ட நேரம் அவர் எதுவும் பேசவில்லை. சுங்கச்சாவடி தாண்டிய பிறகு, "தொண்ணூத்தெட்டுல இந்த மாதிரி ஆளுங்க கோப்புலதான் நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அந்த மனிதரின் கோப்பு அவருடைய வங்கியில் இருந்ததா என்று அவரும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை.

சட்டம் சொன்னதும் நாங்கள் சொல்லாததும்

அவர் முதலில் செய்தது சட்டத்தைப் படித்தது. திவால் சட்டத்தின் திருத்தம் 2017 அக்டோபர் 6ஆம் தேதி நடப்புக்கு வந்திருந்தது. கல்விக் கடனுக்கு இலாப நோக்கமின்றிப் பிணை நிற்பவரை அச்சட்டம் சமூகப் பிணையாளர் என்று வகைப்படுத்துகிறது. முன்பு, கடனாளியிடம் வசூலிக்கும் வழிகள் அனைத்தும் தீர்ந்தன என்று காட்டினால் அந்தப் பிணையாளரைத் திவாலாக்கக் கேட்க முடியும். திருத்தத்துக்குப் பிறகு அறவே முடியாது. பணத்துக்காக வழக்குத் தொடரலாம், அவ்வளவே. மேலும், திவால் நடவடிக்கைக்கான குறைந்தபட்சக் கடன் தொகை அத்திருத்தத்துக்கு முன் 30,000 ரிங்கிட், 2018இல் 50,000 ரிங்கிட். எங்கள் கடனோ 6,000. ஆகவே 2014இலும் சரி, 2018இலும் சரி, எங்கள் கடன் ஒன்றை மட்டும் வைத்து எந்தப் பிணையாளரையும் திவாலாக்கியிருக்க இயலாது.

இதை எங்கள் படிவம் எங்கும் சொல்லவில்லை. வங்கிப் படிவத்திலிருந்து எடுத்த வாசகம் அப்படியே இருந்தது: கடனாளி தவறினால் முழுத் தொகைக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அந்த விதியின் பயன் முழுவதும் அச்சத்திலிருந்தே வந்தது. அந்த அச்சமோ, ஏற்கெனவே சூடுபட்ட குடும்பங்களில்தான் மிகுதி. சம்பளச் சீட்டோடு சித்தப்பா, பெரியப்பா உள்ள பிள்ளைகள் எளிதில் தாண்டி வந்தனர். திருப்பிக் கட்டும் ஒழுங்கு கூடியதற்கு, கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே கடன் கிடைத்ததும் ஒரு காரணம் என்பதை அவரே வாதமாக எழுதி அறங்காவலர்களுக்கு அனுப்பினார்.

2019இல் எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2019 பிப்ரவரிக் கூட்டத்தில் மூன்று வழிகள் பேசப்பட்டன. நிதியைத் திருப்பித் தர வேண்டாத உபகாரச் சம்பளமாக மாற்றுவது ஒன்று; டீச்சர் இதை விரும்பினார். ஒரு பிணையாளராகக் குறைப்பது இன்னொன்று. பிணையாளரை முற்றாக நீக்கி, கடனைக் கடனாகவே வைத்து, படித்து முடித்தவர்களோடு தொடர்பை விடாமல் பேணுவது மூன்றாவது. இந்த மூன்றாவதைக் கொண்டுவந்தவர் வங்கியாளர்தான். கிட்டங்கியில் தம் தந்தை செய்தது அதுதான் என்றார்: கடன் வாங்கியவரின் பெயரை மட்டுமன்றி, அவர் வீட்டு நல்லது கெட்டதையும் அறிந்திருப்பது.

ஆனால் அன்று பேச்சைத் தொடங்குமுன் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். நிதி விவகாரங்களில் இனி தாம் கடைசியாகத்தான் பேசுவதாகவும், மற்ற அறுவரும் ஆளுக்கொரு கருத்தைச் சொன்ன பிறகே தம்மைக் கேட்க வேண்டும் என்றும் கூறினார். பிறகு 2014 கூட்டக்குறிப்பை எடுத்துக் காட்டி, டீச்சரின் கேள்வி இதில் எங்கே என்று என்னைக் கேட்டார். அறையில் எல்லோர் முன்னிலையிலும், நான் எழுதவில்லை என்று சொன்னேன். அன்று முதல் கேள்வி, மாற்றுக்கருத்து, அதற்குத் தரப்பட்ட பதில் ஆகிய மூன்றும் கூட்டக்குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று தீர்மானித்தோம். ஒதுக்கப்பட்ட விண்ணப்பங்களின் கட்டு, ஒதுக்கிய காரணத்தோடு, ஒவ்வொரு சேர்க்கை முடிவிலும் அறங்காவலர்களின் மேசைக்கு வரவேண்டும் என்பதும் அன்றைய முடிவு.

மூன்றாவது வழியே ஏற்கப்பட்டது. ஒருவர் எதிர்த்தார், அவர் கூறிய காரணமும் பதிவாயிற்று.

பின்னர் நிகழ்ந்தவை

கட்டுகளில் கிடந்த விண்ணப்பதாரர் அனைவருக்கும் கடிதம் எழுதினோம். சிலர் வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் வரவில்லை, சில கடிதங்கள் திரும்பி வந்தன. நிபோங் திபால் மாணவி தொலைபேசியில் நன்றி சொன்னார். வேலையில் நிலைத்துவிட்டதாகவும், தம்பியின் படிப்புச் செலவைத் தாம்தான் பார்ப்பதாகவும், இனித் திரும்ப இயலாது என்றும் கூறினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிணையாளர் இல்லாத முதல் தொகுதி மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரல் முதல் வங்கிகள் ஆறு மாதக் கடன் ஒத்திவைப்பு அளித்தன. நாங்களும் பழைய மாணவர்களின் தவணைகளை ஒத்திவைத்தோம். அதே சமயம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டி விகிதத்தைப் படிப்படியாக 1.75 விழுக்காட்டுக்குக் குறைத்ததால் எங்கள் வைப்புத்தொகை வருமானமும் சுருங்கியது. மூலதனத்தைத் தொடலாமா என்ற விவாதம் எழுந்தது. டீச்சர் தொடலாம் என்றார். இன்னும் மூவர் அவருடன் சேர்ந்தனர். கடைசியாகப் பேசிய வங்கியாளர் கூடாது என்றார். 2016 ஆக இருந்திருந்தால் அவர் சொன்னதே முடிவாகியிருக்கும். அன்று இரண்டு மணி நேரம் பேசி, மூலதனத்தை விட்டு, முந்தைய ஆண்டுகளின் சேமிப்பிலிருந்து எடுப்பது என்ற இணக்கத்துக்கு வந்தோம். அவர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்.

கட்டாமல் விட்ட விடுதியைப் பற்றி அந்த மாதங்களில் பலரும் வியந்து பேசினர். வளாகமே மூடிக்கிடந்தபோது கடன் தவணை மட்டும் ஓடியிருந்தால் கல்லூரி தாங்கியிருக்காது. நோய்த்தொற்று வரும் என்று தமக்கு எப்படித் தெரியும், தாம் கேட்டது எந்த வங்கி எழுத்தரும் கேட்கும் கேள்வி என்று அவர் அந்தப் புகழ்ச்சியை ஏற்க மறுத்தார்.

பிணையாளரை நீக்கியதால் திருப்பிக் கட்டுவது குறைந்ததா என்று பிற அறவாரியத்தார் என்னைக் கேட்கிறார்கள். ஒத்திவைப்பு இடையில் வந்துவிட்டதால் இரு காலங்களையும் நேராக ஒப்பிட முடியாது. தாமதங்கள் கூடின, முற்றாகக் கைவிட்டவர்கள் சிலர் உண்டு. மாதந்தோறும் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்த பிறகு தவணையை நினைவூட்டும் ஏற்பாடு நடக்கிறது. எழுத்தில் அனுப்பும் நினைவூட்டலைவிட அதற்குப் பலன் உண்டு என்பதை நான் நேரில் காண்கிறேன்.

இன்று செய்வதானால்

2014க்குத் திரும்ப முடிந்தால் நான் முதலில் மாற்றுவது விதியை அன்று, அதைக் கொண்டுவந்த முறையை. புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்க்குமுன், அதற்கு முந்தைய ஆண்டு உதவி பெற்றவர்களில் எத்தனை பேர் அதை நிறைவேற்றியிருப்பார்கள் என்று பழைய கோப்புகளை வைத்துப் பார்த்திருக்கலாம். ஒரு பிற்பகல் வேலைதான். டீச்சரின் கேள்விக்கு அன்றே விடை கிடைத்திருக்கும்.

அடுத்து, நிதியறிந்த அறங்காவலர் ஒருவரோடு நிறுத்தியிருக்க மாட்டோம். அவருக்கு இணையாகக் கணக்கைப் படிக்கக்கூடிய இன்னொருவரும், உதவி பெற்றுப் படித்த பழைய மாணவர் ஒருவரும் குழுவில் இருந்திருந்தால், அவர் சொல் அவ்வளவு பெரிதாகியிருக்காது. அவருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும். 2022இல் விலகும்போது தம் இடத்துக்கு இருவரைப் பரிந்துரைத்தார். ஒருவர் கணக்காய்வாளர். மற்றவர் எங்கள் நிதியில் படித்து இப்போது பாயான் லெப்பாஸில் பொறியாளராக இருப்பவர்.

விண்ணப்பப் படிவத்தை அந்தப் பொறியாளர்தான் சென்ற முறை திருத்தி எழுதினார். பிணையாளர் பகுதி இருந்த பக்கத்தில் இப்போது ஒரே ஒரு வரி இருக்கிறது: "உங்கள் எண் கிடைக்காவிட்டால் நாங்கள் யாரை அழைத்து உங்களை நலம் கேட்கலாம்?" அதன் கீழே சிறிய எழுத்தில், இவருக்குப் பணப்பொறுப்பு எதுவும் இல்லை, கையெழுத்தும் தேவையில்லை என்று அச்சிட்டிருக்கிறோம்.